புதிய ஹெவி மெட்டல், ஹார்ட் ராக் ஆல்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெட்டல் கேட்பவன் என்று தெரிந்ததும் நண்பர்கள், உறவினர்கள், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லோரும் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். 2020-லிருந்து 2025 வரை வெளிவந்த ஆல்பங்கள்தான் இங்கே பேச்சு. தீர்ப்புகள் முழுக்க என்னுடையவை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் ரெண்டும் ஒண்ணுதானே?

ஒரே குடும்பம், ஆனால் நடை வேறு. ஹார்ட் ராக்கில் ப்ளூஸ் இசையின் ஆட்டம் இன்னும் உயிரோடு இருக்கும். ஏசி/டிசி குழு 2020 நவம்பரில் வெளியிட்ட 'பவர் அப்' ஆல்பத்தைக் கேளுங்கள். ஒரு கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) அடுத்த கார்டுக்கும் நடுவே கிடார் கொஞ்சம் இடைவெளி விடும், அந்த இடைவெளியில் ட்ரம்ஸ் வந்து உட்காரும், நம் கால் தானாகத் தாளம் போடும். மெட்டலில் அந்த ஆட்டத்தைக் குறைத்துவிட்டு ரிஃப்பையே பாட்டின் முதுகெலும்பாக்கிவிடுவார்கள். ரிஃப் என்றால் கிடாரில் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறிய சொற்றொடர்.

இதன் தொடக்கம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் உலோகத் தகடு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைக்காரர் என்பதால் கம்பிகளை அழுத்த வேண்டியதே அந்த வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளைப் போட்டார், பிற்பாடு கம்பிகளைத் தளர்த்தி ட்யூனிங்கையும் கீழே இறக்கினார். அவர் கிடார் வாசித்த ப்ளாக் சபாத் குழுவின் 1971 ஆல்பத்தில் கேட்கும் அந்தக் கனத்த, இருண்ட ஒலி அப்படித்தான் வந்தது. இன்றைக்கு ஏழு கம்பி, எட்டுக் கம்பி கிடாரோடு வரும் குழுக்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

எல்லாம் ஒரே இரைச்சலாத்தான் கேக்குது. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

முதலில் 'பவர் அப்'. 12 பாட்டு, 41 நிமிடம். அதில் எதுவுமே குழப்பாது. அடுத்தது ஜூடாஸ் ப்ரீஸ்ட் 2024 மார்ச்சில் கொண்டுவந்த 'இன்வின்சிபிள் ஷீல்ட்'. மெட்டலின் எல்லா அடையாளங்களும் அதில் இருக்கின்றன, குரலும் தெளிவாகக் கேட்கும். கொஞ்சம் மெலடி வேண்டும் என்பவர்கள் கோஸ்ட் குழுவின் 'ஸ்கெலெட்டா'வுக்குப் (2025) போகலாம்.

கேட்கும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க முயல வேண்டாம். முதல் முறை ரிஃப்பை மட்டும் பின்தொடருங்கள். எங்கே மாறுகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று பாருங்கள். இன்னொரு முறை ட்ரம்ஸை மட்டும். இப்படிக் கேட்டால் இரைச்சல் என்று தோன்றியதற்குள்ளே நாலு பேர் நாலு தனித்தனி வேலை செய்துகொண்டிருப்பது தெரியவரும். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். தாழ்ந்த ஸ்வரம் வாசிக்கும் பேஸ் கிடாரே காணாமல் போய்விடும், மிச்சம் இருப்பது உண்மையிலேயே இரைச்சல்தான்.

ஒரு தடவை கேட்டேன், பிடிக்கல. இன்னும் எத்தனை தடவை கேக்கணும்?

ஏசி/டிசி மாதிரி நேரடியான குழு என்றால் ஒரு தடவையே போதும். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். பல பகுதிகளாகக் கட்டப்பட்ட ஆல்பம் என்றால் மூன்று தடவையாவது கொடுங்கள். முதல் தடவை எதிர்பார்ப்பு குறுக்கே நிற்கும், இரண்டாவது தடவைதான் காது நிஜமாகக் கேட்க ஆரம்பிக்கும். வெளியான அன்று இரவே எழுதப்படும் 'பிரமாதம்', 'குப்பை' எல்லாம் பெரும்பாலும் அந்த முதல் தடவையின் பேச்சு.

எழுபது வயசுக்காரங்க போடுற ஆல்பம் எல்லாம் பழைய பேருக்குத்தானே ஓடுது?

சிலது அப்படித்தான் ஓடுகிறது. 'இன்வின்சிபிள் ஷீல்ட்' அப்படியில்லை. இந்த ஆறு ஆண்டுகளில் வந்த பாரம்பரிய மெட்டல் ஆல்பங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

முதல் பாட்டு 'பேனிக் அட்டாக்'. தாழ்வான சிந்தசைசர் ரீங்காரத்தோடு ஆரம்பிக்கிறது, மேலே கிடார் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. 1986-ல் இதே குழு சிந்தசைசர் பக்கம் சாய்ந்தபோது ரசிகர்கள் கோபப்பட்ட கதை தெரிந்தவர்களுக்கு ஒரு நொடி வயிற்றைக் கலக்கும். அப்புறம் ஸ்காட் டிராவிஸின் ட்ரம்ஸ் உள்ளே வருகிறது, இரண்டு கிடார்களும் சேர்ந்து ரிஃப்பைப் பிடிக்கின்றன, ராப் ஹால்ஃபோர்ட் பாட ஆரம்பிக்கிறார். அப்போது அவருக்கு வயது 72. அந்த உச்சஸ்தாயியை ஆல்பம் முழுக்க அவர் வீணடிக்கவில்லை. பெரும்பகுதி நடுத்தர ஸ்தாயியில் பாடி, தேவைப்படும் இடத்துக்கு மட்டும் சேமித்து வைத்துக்கொள்கிறார். இருபது வயதில் தொண்டை பலத்தில் செய்ததை எழுபதில் கணக்குப் போட்டுச் செய்கிறார். கேட்க எனக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறது.

அந்த ஆல்பத்தின் பின்னால் இருப்பதையும் சொல்ல வேண்டும். கிடாரிஸ்ட் கிளென் டிப்டனுக்கு பார்க்கின்சன் நோய் என்று 2018-ல் அறிவித்தார்கள். இன்னொரு கிடாரிஸ்ட் ரிச்சி ஃபாக்னருக்கு 2021 செப்டம்பரில், அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோதே மகாதமனி கிழிந்தது. அவசர அறுவை சிகிச்சையில் பிழைத்தார். அவர் அன்றைக்கு அந்தப் பாட்டை முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினார். இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து செய்த ஆல்பத்தில் பரிதாபம் கேட்கும் ஒரு வரிகூட இல்லை. 'ஜயன்ட்ஸ் இன் தி ஸ்கை' என்ற கடைசிப் பாட்டு மறைந்துபோன மெட்டல் பாடகர்கள் ரோனி ஜேம்ஸ் டியோவையும் லெம்மியையும் நினைத்து எழுதியது. அதுகூட நிமிர்ந்து நின்றுதான் அஞ்சலி செலுத்துகிறது.

மெட்டாலிக்காவோட '72 சீசன்ஸ்' நல்லா இருக்கா இல்லையா? நேரா சொல்லுங்க.

பாதி நன்றாக இருக்கிறது. அந்தப் பாதி மட்டும் வந்திருந்தால் கொண்டாடியிருப்பேன்.

2023 ஏப்ரலில் வந்தது. மனிதனின் முதல் 18 வருடங்கள், அதாவது 72 பருவங்கள், மிச்ச வாழ்க்கையை எப்படி உருட்டிப் பிசைகின்றன என்பதுதான் மையம். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வரிகள் இத்தனை வெளிப்படையாக இருந்து வெகுநாள் ஆகிறது. முதலில் வெளியிட்ட 'லக்ஸ் எடெர்னா' மூன்றரை நிமிடம்கூட இல்லை. சிறுவயதில் அவர்கள் கேட்டு வளர்ந்த பிரிட்டிஷ் மெட்டலுக்கு அது ஒரு நன்றி. தலைப்புப் பாட்டும் நல்ல பாய்ச்சல். பிரச்சினை நடுவில்தான். ஐந்தரை, ஆறு நிமிட நடுத்தர வேகப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல ரிஃப் இருக்கிறது, ஆனால் அதைத் தேவைக்கு மேல் இரண்டு சுற்று ஓட்டுகிறார்கள். 12 பாட்டு, 77 நிமிடம். 'வேண்டாம், இதை வெட்டு' என்று சொல்ல அந்த அறையில் யாரும் இல்லாதது கேட்கிறது.

ஆனால் கடைசிப் பாட்டு 'இனமொராட்டா'வை விட்டுவிடாதீர்கள். 11 நிமிடத்துக்கு மேல், மெட்டாலிக்கா எழுதியதிலேயே நீளமான பாட்டு. ப்ளாக் சபாத் பாணியில் மெதுவாக நகரும் ரிஃப். பாதி வழியில் கிடார்கள் ஒதுங்கிக்கொள்ள, ராபர்ட் ட்ருஹீயோவின் பேஸ் மட்டும் தனியாக நடக்கிறது, லார்ஸ் உல்ரிக் சிம்பலைத் தொட்டும் தொடாமலும் கூடவே வருகிறார். அப்புறம் இரண்டு கிடார்கள் ஒன்றையொன்று அணைத்தபடி மெல்லத் திரும்பி வருகின்றன. அந்த நிதானத்தில் அவசரமே இல்லை. இந்த 11 நிமிடத்தில் வெட்ட எனக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. ஆக, நான் குறை சொல்வது நீளத்தை இல்லை.

அப்போ ஏன் இப்போ எல்லா ஆல்பமும் இவ்வளவு நீளம்?

எல்பி இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடம் என்பது ஏறக்குறைய எல்லை. அதற்கு மேல் திணித்தால் ஒலித்தரம் குறையும். அதனால் 40, 45 நிமிடத்துக்குள் முடித்தே ஆக வேண்டும், நாலு பாட்டு வெளியே நிற்கும். சிடி வந்ததும் 74, பிறகு 80 நிமிடம் கிடைத்தது. ஸ்ட்ரீமிங்கில் எல்லையே இல்லை. கருவி போட்ட கட்டுப்பாடு போய்விட்டது, அதற்குப் பதிலாகக் கலைஞர் தானே போட வேண்டிய கட்டுப்பாடு எல்லோருக்கும் வரவில்லை. ஸ்லேயர் 1986-ல் 'ரெயின் இன் ப்ளட்' ஆல்பத்தின் 10 பாட்டையும் அரை மணி நேரத்துக்குள் முடித்தார்கள். அதைப் போதாது என்று சொன்ன மெட்டல் ரசிகரை நான் பார்த்ததில்லை.

இன்றைக்கும் அந்த ஒழுக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கென்டக்கியிலிருந்து வரும் நாக்ட் லூஸ் குழு 2024 மே மாதம் வெளியிட்ட ஆல்பம் 27 நிமிடம்தான். வேகமும் கோபமும் அதற்கு மேல் தாங்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டு முடித்ததும் மறுபடி முதலிலிருந்து போடத் தோன்றுகிறது. பழக்கமில்லாதவர்கள் இதில் ஆரம்பிக்க வேண்டாம், ரொம்பக் காட்டமான சரக்கு.

அயர்ன் மெய்டனோட 'சென்ஜுட்சு' 82 நிமிஷம். அதை மட்டும் ஏன் தூக்கி வெச்சுக்கறீங்க?

நியாயமான கேள்வி. 'இனமொராட்டா'வுக்குச் சொன்ன காரணம்தான் இங்கேயும். நீளத்துக்கு வேலை இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2019-ல் பாரிஸில் பதிவு செய்து, கொரோனா காலம் முழுக்கப் பெட்டிக்குள் வைத்திருந்து, 2021 செப்டம்பரில் வெளியிட்டார்கள். கடைசி மூன்று பாட்டும் பேஸிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸ் தனியாக எழுதியவை, ஒவ்வொன்றும் 10 நிமிடத்தைத் தாண்டும்.

அவற்றில் மூன்றாவதான 'ஹெல் ஆன் எர்த்' இந்தக் குழு 2000-க்குப் பிறகு செய்த பாட்டுகளில் முதல் வரிசையில் நிற்கும். ஆரம்பத்தில் இரண்டு நிமிடத்துக்கும் மேல் சத்தமே உயராது. பேஸும் கிடாரும் மென்மையாக ஒரு மெட்டைச் சுற்றி வரும். பிறகு குதிரைப் பாய்ச்சல் போன்ற தாளம் தொடங்கும்போது அந்த மெட்டு ஏற்கெனவே நமக்குப் பழக்கமாகிவிட்டிருக்கும், அதனால்தான் உடம்பு சிலிர்க்கிறது. அந்த இரண்டு நிமிடத்தை வெட்டினால் பாட்டே செத்துவிடும். அதற்காக ஆல்பம் முழுவதும் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். 'தி பார்ச்மென்ட்' 12 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, ஒன்பதில் முடிந்திருக்கலாம். குரலும் கலவையில் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கிறது.

புது ஆல்பம் கேட்டா கொஞ்ச நேரத்துல காது களைச்சுப் போகுது. என் இயர்போன் பிரச்சினையா?

இயர்போனாகவும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் மாஸ்டரிங்தான் காரணம். பதிவு முடிந்ததும் கடைசிக் கட்டத்தில் பாட்டின் மெல்லிய இடங்களைத் தூக்கி, உச்சங்களை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்போதுதான் பக்கத்துப் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்கும் என்ற போட்டி. மெல்லிய இடமே இல்லாததால் காதுக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

இதில் மெட்டல் உலகம் மறக்காத உதாரணம் மெட்டாலிக்காவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னெட்டிக்'. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமிலும் வெளியாகின. கேமில் இருந்த வடிவம் சிடியைவிடத் தெளிவாக, ட்ரம்ஸ் அடி தனியாக விழும்படி இருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மறுபடி மிக்ஸ் செய்து தரச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். தன் கைக்கு வரும்போதே ஒலி அப்படி நசுங்கித்தான் இருந்தது என்று மாஸ்டரிங் பொறியாளர் டெட் ஜென்சன் வெளிப்படையாகச் சொன்னார். இப்போது ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவருவதால் அந்தப் போட்டிக்கு அர்த்தமே இல்லை. இருந்தும் பழக்கம் விடவில்லை. '72 சீசன்ஸ்' இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை.

அந்த உறுமல் குரல்ல என்ன ரசிக்க இருக்கு? தொண்டை கெட்டுப்போகாதா?

முறையாகப் பழகியவர்களுக்குக் கெடாது. குரல் நாண்களுக்குச் சற்று மேலே பொய்க் குரல் நாண்கள் என்று ஒரு ஜோடி மடிப்பு இருக்கிறது. உறுமலில் பெரும்பாலும் அவைதான் அதிர்கின்றன. மூச்சை வயிற்றிலிருந்து சீராகத் தள்ளிக் கழுத்தை இறுக்காமல் செய்தால் வருடக்கணக்கில் பாடலாம். பழகாமல் வீட்டில் கத்திப் பார்த்தால் மறுநாள் குரல் இருக்காது, தயவுசெய்து வேண்டாம்.

ரசிப்பதற்கு ஓபெத் குழுவின் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' (2024 நவம்பர்) நல்ல பாடம். ஸ்வீடனைச் சேர்ந்த இந்தக் குழு 2008-க்குப் பிறகு உறுமலைக் கைவிட்டு, நாலு ஆல்பத்தை வெறும் பாடும் குரலிலேயே செய்தது. 2009-ல் ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவுக்கு வந்து அவர்கள் வாசித்தது அந்தப் பழைய உறுமல் காலத்தின் கடைசியில். பதினாறு வருடம் கழித்துப் பாடகர் மீக்கேல் ஓகர்ஃபெல்ட் உறுமலை மறுபடி எடுத்ததற்குக் கதைதான் காரணம். 1920-கள், ஒரு பணக்காரத் தகப்பன் இறந்துவிட்டார், பிள்ளைகள் முன்னால் உயில் வாசிக்கப்படுகிறது. காலடிச் சத்தத்தோடு ஆல்பம் தொடங்குகிறது. பாட்டுகளுக்குப் பெயர்கூட இல்லை, உயிலின் பத்தி எண்கள்தான். கடைசிப் பாட்டுக்கு மட்டும் பெயர் உண்டு. செத்தவரின் அதிகாரம் உறுமலாக வருகிறது, உண்மை வெளிப்படும் இடங்கள் பாட்டாக வருகின்றன. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் நடுநடுவே பேசுகிறார், புல்லாங்குழலும் வாசிக்கிறார். வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை கேளுங்கள். அப்புறம் வரிகள் இல்லாமலே எந்தக் குரல் எதற்கு என்று புரியும்.

ப்ளட் இன்கான்டேஷன் ஆல்பத்துல ரெண்டே பாட்டுதானாமே? அதுக்கா இவ்வளவு புகழ்ச்சி?

ஆமாம், இரண்டே பாட்டு. ஒவ்வொன்றும் மூன்று பகுதி, ஒவ்வொரு பாட்டும் எல்பியின் ஒரு பக்கம். மேலே சொன்ன பழைய கட்டுப்பாட்டை இவர்களே விரும்பி ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த டெத் மெட்டல் (உறுமல் குரலும் கனத்த கிடாரும் கொண்ட மெட்டல் வகை) குழு இது. 2024 அக்டோபரில் வந்த 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' ஆல்பத்தை பெர்லினின் ஹன்ஸா ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். 1970-களில் டேவிட் போவி வேலை செய்த அதே இடம். ஜெர்மனியின் டாஞ்சரின் ட்ரீம் குழுவிலிருந்து ஒருவர் வந்து சிந்தசைசர் வாசித்திருக்கிறார்.

புகழ்ச்சி நியாயமானதுதான். கொடூர வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று நின்று, விண்வெளியில் மிதப்பதுபோல அமைதியான கிடாருக்குள் போகிறது. இப்படிச் செய்து காட்டுவது சுலபம், நிறைய பேர் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். இங்கே ஒட்டுத் தெரியவில்லை, ஏனென்றால் வேகப் பகுதியில் வந்த ஸ்வரங்களே அமைதிப் பகுதியிலும் வேறு உருவத்தில் இருக்கின்றன. 2024-ல் வந்ததில் எனக்கு முதல் இடம் 'இன்வின்சிபிள் ஷீல்டு'க்கா இதற்கா என்றால், புதுமைக்கு இது, திரும்பத் திரும்பக் கேட்க அது.

கோஸ்ட், ஸ்லீப் டோக்கன் எல்லாம் மெட்டலா? முகமூடி போட்டா மெட்டல் ஆயிடுமா?

முகமூடி மெட்டலுக்குப் புதிது இல்லை, அதை விட்டுவிடுவோம். கோஸ்டின் டோபியாஸ் ஃபோர்கே எழுதுவது அடிப்படையில் 1980-களின் ஹார்ட் ராக், கூடவே ஸ்வீடன்காரர்களுக்கே உரிய பாப் மெட்டுக் கைத்திறன். 2025 ஏப்ரலில் வந்த 'ஸ்கெலெட்டா' அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாட்டு எழுதத் தெரிந்தவரின் ஆல்பம், பல்லவிகள் மனதில் ஒட்டிக்கொள்கின்றன. அந்தச் சுற்றுப்பயணத்தில் ரசிகர்களின் போன்களைப் பூட்டிய பைக்குள் வைக்கச் சொன்னார்கள், அதற்காகவே தனியாக ஒரு பாராட்டு.

ஸ்லீப் டோக்கனின் 'ஈவன் இன் ஆர்கேடியா' அடுத்த மாதமே வந்து அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் முதலிடத்துக்குப் போனது. இதில் பாப், ஆர் அண்ட் பி, ராப் எல்லாம் இருக்கிறது, கனத்த கிடார் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கிறது. மெட்டலா இல்லையா என்று நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். என் குறை வேறு. அந்தக் கனத்த பகுதி வரும்போது பாட்டுக்கு அது தேவைப்பட்டதாகத் தோன்றவில்லை, 'இப்போது கனமான இடம் வரவேண்டும்' என்று வைத்ததாகத்தான் தோன்றுகிறது. ட்ரம்மர் மட்டும் அபாரம், அவருக்காக முழு ஆல்பத்தையும் கேட்கலாம்.

மெட்டல்னாலே சாத்தான் வழிபாடுதானே? பசங்க கேட்டா கெட்டுப்போக மாட்டாங்களா?

பேய்ப்படம் எடுப்பவர் பேயை வழிபடுவதில்லை, இதுவும் அப்படித்தான். விதிவிலக்குகள் உண்டு, குறிப்பாக 1990-களின் நார்வேயில் சிலர் தேவாலயங்களுக்குத் தீ வைத்ததை யாரும் மறைக்க முடியாது. ஆனால் இந்தப் பக்கத்தில் பேசும் குழுக்களின் வரிகளை எடுத்துப் பாருங்கள். முதுமை, போர், குடும்பம், அடிமைப் பழக்கம், மரண பயம் இவைதான் அதிகம். ஃபிரான்ஸின் கோஜிரா குழு 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவிலேயே வாசித்தது, அந்தப் பாட்டுக்கு அடுத்த ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது. பிள்ளைகள் கேட்டால் கூட உட்கார்ந்து கேளுங்கள்.

பாடகர் செத்துப்போனப்புறம் அதே பேர்ல ஆல்பம் போடலாமா? லிங்கின் பார்க் பண்ணது சரியா?

இதற்கு ஒரே விதி கிடையாது. ஏசி/டிசியின் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார், அதே ஆண்டு ஜூலையில் புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோடு 'பேக் இன் ப்ளாக்' வந்தது. அது சரியா என்று இன்று யாரும் கேட்பதில்லை. 'பவர் அப்' வேறு வகை: ரிதம் கிடாரிஸ்ட் மால்கம் யங் 2017-ல் இறந்துவிட்டார், ஆனால் எல்லாப் பாட்டும் அவரும் தம்பி ஆங்கஸும் சேர்த்துவைத்த ரிஃப்களிலிருந்து எழுந்தவை. எழுதியவர்கள் பெயரில் இருவரும் இருக்கிறார்கள். அண்ணன் இல்லாமல் அண்ணனோடு செய்த ஆல்பம் அது.

லிங்கின் பார்க் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. செஸ்டர் பெனிங்டன் 2017-ல் போனபோது ஏராளமான ரசிகர்களுக்கு அது சொந்தத் துக்கம். 2024 நவம்பரில் எமிலி ஆம்ஸ்ட்ராங் பாடிய 'ஃப்ரம் ஸீரோ' வந்தது. 11 பாட்டு, 32 நிமிடம். அவர் செஸ்டரைப் போலப் பாட முயலவில்லை, அவருக்கென்று ஒரு கரகரப்பு இருக்கிறது. புதிய ஆல்பம் என்ற அளவில் எனக்கு அது பிடித்திருக்கிறது. பழைய பாட்டுகளை அவர் மேடையில் பாடும்போது என்னால் முழு மனதோடு கேட்க முடியவில்லை. இரண்டுமே உண்மை.

நம்ம பக்கத்துலேர்ந்து யாராவது இருக்காங்களா?

டெல்லியின் ப்ளடிவுட் குழு 2025 மார்ச்சில் 'நு டெல்லி' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தது. டோல், புல்லாங்குழல், இந்தி, பஞ்சாபி, ஆங்கில ராப், கூடவே கனத்த கிடார். ஜப்பானின் பேபிமெட்டலும் ஒரு பாட்டில் சேர்ந்திருக்கிறது. 8 பாட்டில் முடித்துவிட்டார்கள், நல்ல முடிவு. டோல் அடியும் டபுள் பெடல் ட்ரம்ஸும் சேரும் இடத்தில் வரும் வேகம் வேறு எந்த நாட்டுக் குழுவாலும் வராது. சில பல்லவிகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருப்பது குறை.

தமிழர்கள் என்றால் சிங்கப்பூரின் ருத்ரா. 1992-ல் தொடங்கிய குழு, டெத் மெட்டலில் வேதாந்தத்தையும் சமஸ்கிருத சுலோகங்களையும் கொண்டுவந்தவர்கள். புதியவர்கள் இல்லை, ஆனால் தெரியாதவர்கள் நிறைய இருப்பதால் இங்கே சொல்கிறேன்.

ஓஸி போனதோட மெட்டல் முடிஞ்சுதுன்னு சொல்றாங்களே?

2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் ப்ளாக் சபாத்தின் முதல் நாலு பேரும் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள். அதன் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். ஜூலை 22 அன்று இறந்துபோனார். அன்று அழாத மெட்டல் ரசிகர் குறைவு. ஆனால் அந்த மேடையில் அன்று அவருக்கு முன்னால் வாசித்தவர்களில் மெட்டாலிக்காவும் இருந்தது, கோஜிராவும் இருந்தது. வயதில் நல்ல இடைவெளி உள்ளவர்கள் ஒரே குழுவின் பாட்டை எடுத்து வாசித்தார்கள். முடிந்துபோன இசைக்கு அப்படி நடக்காது.

பத்துக்கு ஒன்பது மார்க் போட்ட விமர்சனத்தை நம்பி வாங்கலாமா?

மார்க்கைப் பார்க்காதீர்கள், காரணத்தைப் பாருங்கள். எந்தப் பாட்டு, எந்த இடம், ஏன் என்று சொல்லும் விமர்சனம் ஆறு மார்க் போட்டிருந்தாலும் உதவும். 'பழைய மகிமைக்குத் திரும்பிவிட்டார்கள்' என்று மட்டும் சொல்லி ஒன்பது போட்டால், எழுதியவர் ஆல்பத்தை ஒரு தடவைதான் கேட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒருவருடைய ரசனை உங்களுக்கு நேர் எதிராக இருந்தாலும் அவர் தொடர்ந்து ஒரே மாதிரி எழுதினால் பயன்படும். அவர் 'ரொம்ப மெலடி' என்று திட்டிய ஆல்பத்தைத் தேடிப் பிடித்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

டீலக்ஸ் பதிப்பு வாங்கலாமா, சாதாரணமே போதுமா?

கேட்பதற்கு என்றால் சாதாரணமே போதும். 'இன்வின்சிபிள் ஷீல்ட்' டீலக்ஸில் மூன்று பாட்டு கூடுதலாக இருக்கிறது, மூன்றும் மோசமில்லை. ஆனால் 'ஜயன்ட்ஸ் இன் தி ஸ்கை' முடிவதற்காகவே எழுதப்பட்ட பாட்டு, அதற்குப் பின்னால் இன்னும் மூன்று வருவது ஆல்பத்தின் கட்டுமானத்தைக் கெடுக்கிறது. ஸ்ட்ரீமிங்கிலும் டீலக்ஸ் பதிப்பே முன்னால் வரக்கூடும், அப்படி வந்தால் பதினொன்றாவது பாட்டோடு நிறுத்திவிடுங்கள். அந்த மூன்றையும் வேறொரு நாள் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.